சீராக்கியும் மடைமறிப்பும்: இதய மருந்துப் பெயர்கள் பற்றிய ஒரு திறனாய்வு

தோற்றுவாய்

கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆராய்ச்சி தமிழில் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. ஆயினும், அது பெரும்பாலும் ஒரு சொல் தமிழா, வடசொல்லா, ஒலிபெயர்ப்பா என்னும் பிறப்பு வழக்கோடு நின்றுவிடுகின்றது. அச்சொல்லைக் கேட்பவர் அதனால் எதனை உணர்கின்றார், உணர்ந்தபின் என்ன செய்கின்றார் என்னும் வினா எழுப்பப்பெறுவது அருமை. பொருளுணர்த்தாத சொல் இல்லை என்பது தொல்காப்பியர் கொள்கை. அஃது உண்மையாயின், பிழைபட ஆக்கிய சொல்லும் வாளா கிடவாது; பிழையான பொருளை உணர்த்திக்கொண்டே இருக்கும்.

இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியது இராமநாதபுரக் கடற்கரையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியாகும். பாக்நீரிணைக் கரையூர் ஒன்றில் நமக்கு அறிமுகமான மீனவப் பெரியவர் ஒருவர்க்கு நாடி இடையிடையே விட்டு விட்டு அடிக்கலாயிற்று. அவரைச் சோதித்த மருத்துவர், “துடிப்புச் சீராக இல்லை, இதயத்தில் ஓர் அடைப்பு இருக்கின்றது, பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்” என்றார். அடைப்பு என்றதும் வீட்டார் குருதிக்குழாய் அடைப்பென்று கொண்டு, செலவுக்கு அஞ்சிச் சில நாள் தாழ்த்தனர். அதற்குள் அவருடைய தமக்கை மகன், “மாமா, எனக்கும் துடிப்புச் சீரில்லை என்றுதான் சொன்னார்கள், சீராக்குகிற மாத்திரை தந்தார்கள், எனக்குச் சீரானது உங்களுக்கும் சீராகுமே” என்று தம் மாத்திரைகளைப் பகிர்ந்தளித்தார். பெரியவர் அவற்றை உண்டார். மறுநாள் கரையில் வலையை உலர்த்திக்கொண்டிருந்தபோது மயங்கி வீழ்ந்தார். மதுரைக்குக் கொண்டுசென்று இதயமுடுக்கி பொருத்தியதனால் உயிர் பிழைத்தார்.

தமக்கை மகன் கூறியவற்றில் பொய் ஒன்றும் இல்லை. மருத்துவர் கூறியவற்றிலும் பிழை இல்லை. பிழை, இருவரும் வழங்கிய சொற்களிலே இருந்தது. துடிப்பு, கடத்தல், அடைப்பு, சீராக்கி ஆகிய நான்கு சொற்களையும் ஈண்டு எடுத்து ஆராய்வாம். மருந்துக்கு அதனிடம் நாம் விரும்பும் பயனைப் பெயராக இடுதல் தகாது, அது செய்யும் தொழிலையே பெயராக இடுதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கோள்.

1. துடிப்பு

நான்கனுள் பழுதற்றது துடிப்பு என்னும் சொல்லே. துடி என்பது இடை சுருங்கிய தோற்கருவி. பாலைத் திணைக்குரிய பறையாக உரையாசிரியர்கள் அதனைக் குறிப்பர். துடி முழக்குவோனாகிய துடியன் புறநானூற்றிலே பேசப்பெறுகின்றான். மறவர் வாழ்நிலமாகிய சேதுநாட்டிற்குத் துடி அயற்கருவியன்று. ஒலிக்கும் பறைக்கும், அதிரும் உடற்கும் ஒரே அடிச்சொல் அமைந்திருத்தல், நெஞ்சின் அசைவையும் ஓசையையும் ஒருங்கே உணர்த்தப் போதியதாகும்.

ஆனால், துடிப்பு என்பது அடி ஒவ்வொன்றையும் குறிக்குமேயன்றி, அடிகள் ஒன்றையொன்று தொடரும் ஒழுங்கைக் குறியாது. அவ்வொழுங்கிற்குத் தமிழ் மருத்துவம் வேறொரு சொல்லை வழங்கிற்று. அது நடை என்பது. நாடிநூல்கள் வாதநாடியை அன்னம், மயில், கோழி ஆகியவற்றின் நடைக்கும், பித்தநாடியை ஆமை, அட்டை ஆகியவற்றின் நடைக்கும், ஐயநாடியைத் தவளை, பாம்பு ஆகியவற்றின் நடைக்கும் ஒப்பிடும். அக்கோட்பாட்டின் மருத்துவ மதிப்பைப் பற்றி ஈண்டு நாம் யாதும் கூறவரவில்லை. சொல்லின் மதிப்பே நம் கருத்து. உரைக்கு நடை உண்டு. தாளத்திற்கு நடை உண்டு. நாடிக்கும் நடை உண்டு. காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் செயலின் ஒழுங்கிற்குத் தமிழர் கண்ட பொதுச்சொல் இதுவேயாகும்.

இன்று இலயமின்மை, தாளமின்மை, ஒழுங்கின்மை, சீரின்மை எனப் பலவாறாக வழங்கும் நோய்க்கு நடைப்பிறழ்வு என்பதே பொருந்துவதாகும். ஏனைய யாவும் இன்மை கூறுவன. நோயிலோ ஒழுங்கு இல்லாமற் போவதில்லை. பெரும்பாலும் ஓர் ஒழுங்கின் இடத்தில் வேறோர் ஒழுங்கு புகுந்துவிடுகின்றது. மிக விரைந்து ஓடும் இதயம் சில நோய்களில் கடிகாரம்போல் ஒரே சீராகவே ஓடும். அதனைச் சீரின்மை என்றல் முரண்.

2. கடத்தல்

இதயம் துடிக்குமாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுதல் வேண்டும். இதயத்தின் வலது மேலறைச் சுவரில் ஒரு சிறு திசுத்திரள் உளது. அதனை 1907 இல் கீத், ஃபிளாக் என்னும் இருவர் கண்டறிந்தனர். அங்கே தோன்றும் மின்கிளர்வு மேலறைகள் எங்கும் பரவுகின்றது. மேலறைகட்கும் கீழறைகட்கும் இடையே மின்கிளர்வு புகவொண்ணாத நார்த்திசு வேலியாக நிற்கின்றது. அவ்வேலியைக் கடக்க இயல்பான இதயத்தில் ஒரே வழிதான் உண்டு. அவ்வழியின் வாயிலில் அமைந்த கணுவை 1906 இல் சப்பானிய அறிஞர் தவாராவும், அதன்பின் தொடரும் நார்க்கற்றையை 1893 இல் ஹிஸ் என்பாரும் விளக்கினர். கணுவிலே கிளர்வு ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு தாழ்க்கின்றது. அத்தாழ்ப்பினால் மேலறைகள் சுருங்கித் தம் குருதியைக் கீழறைகட்கு ஈந்தபின்னரே கீழறைகள் சுருங்குகின்றன. கற்றையினின்று பிரியும் இழைகளிலோ கிளர்வு நொடிக்குச் சில மீட்டர் விரைவில் ஓடுகின்றது.

இராமேசுவரம் செல்வோர்க்கு இதனை உணர்த்த வேறு உவமை வேண்டா. 1914 இல் திறக்கப்பெற்ற பாம்பன் இருப்புப்பாதைப் பாலமே, 1988 இல் சாலைப்பாலம் அமையுங்காறும், தீவினை நிலத்தோடு இணைத்த ஒரே பாலமாக நின்றது. மண்டபம் வரை விரைந்து வந்த வண்டி பாலத்தின்மீது ஊர்ந்தே செல்லும். அப்பாற் சென்றபின் மீண்டும் விரையும். பாலம் பழுதுற்றால் தீவு தனித்துவிடும். கணு இதயத்தின் பாம்பன் எனலாம். 2022 ஆம் ஆண்டு டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டிகள் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய தூக்குப்பாலம் திறக்கப்பெறுங்காறும் தொடர்வண்டிகள் மண்டபத்தளவில் நின்றதை இக்கரையார் நன்கறிவர்.

இனி, கிளர்வு இவ்வாறு செல்லுதலை இன்றைய நூல்கள் கடத்தல் என்கின்றன. மின்கடத்தி, வெப்பக்கடத்தி எனப் பள்ளிப் பாடநூல்களில் வேரூன்றிய சொல் அது. செப்புக் கம்பியைப் பொறுத்தவரை அதனோடு நமக்குப் பிணக்கில்லை. இதயத்திற்கு அது பொருந்தாமைக்கு இரண்டு காரணங்கள் உள.

முதலாவது, இதயத்தில் ஒரு முனையினின்று மறுமுனைக்கு எடுத்துச்செல்லப்படும் பொருள் எதுவும் இல்லை. ஓர் உயிரணு கிளர்ந்தெழ, அதன் அண்டையணு அதனால் தூண்டப்பட்டுத் தானும் புதிதாகக் கிளர்ந்தெழுகின்றது. ஓரூரில் முழங்கிய பறை கேட்டு அடுத்த ஊரார் தம் பறையை முழக்குதல் போன்றது இது. பறை இடம்பெயர்வதில்லை; முழக்கமே பரவுகின்றது. இரண்டாவது, இக்கரையில் கடத்தல் என்னும் சொல்லுக்கு வழக்கிலுள்ள பொருள் வேறு. 2001 இல் கடல் அட்டை பாதுகாக்கப்பட்ட உயிரினமாக அறிவிக்கப்பட்டது முதல், நாளிதழ்களில் கடத்தல் என்னும் சொல் மண்டபம், தங்கச்சிமடம், வேதாளை என்னும் ஊர்ப்பெயர்களோடு சேர்ந்தே அச்சேறி வருகின்றது. அத்தகைய ஊரிலே ஒருவரை நோக்கி, “உம் இதயத்தில் கடத்தற்கோளாறு” என்பது நகைப்பிற்கோ அச்சத்திற்கோ இடமாகுமேயன்றி அறிவிற்கு இடமாகாது. ஆதலின் பரவல் என்பதே தக்க சொல்லாகும். தூண்டலுற்று எழுவது கிளர்வு. அது செல்வது பரவல்.

3. அடைப்பு

மேலே கூறிய பெரியவரை முதலில் ஏமாற்றிய சொல் இதுவே. இதயத்தில் குழாய்களும் உள. கிளர்வு செல்லும் வழிகளும் உள. இதயத் தசைக்குக் குருதி ஊட்டும் குழாயில் கொழுப்பும் உறைகட்டியும் சேர்ந்து குருதி நின்றுபோதல் ஒரு நோய். அதனையே மக்கள் மாரடைப்பு என்பர். கணுவிலோ கற்றையிலோ கிளர்வு பரவாது நின்றுபோதல் மற்றொரு நோய். முன்னையது குழாய்க்கு நேர்வது. பின்னையது மின்வழிக்கு நேர்வது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாதலும் உண்டு. எனினும் இரண்டும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல் பேச்சுவழக்கில் வருதலின், மொழிபெயர்த்தோரும் இரண்டையும் அடைப்பு என்றே எழுதிவிட்டனர்.

தமிழில் இம்மயக்கம் தேவையற்றது. அடைதல், தூர்தல், மறித்தல், தடுத்தல், தட்டுதல் என நுண்ணிய வேறுபாடுடைய வினைகள் நம்மிடம் உள. அடைப்பு என்பதைக் குழாய்க்கே உரியதாக விட்டுவிடலாம். கிளர்வு நின்றுபோதலைப் பரவல்தடை எனலாம்.

ஈண்டு யாப்பு கற்ற மாணாக்கர்க்கு ஒன்று நினைவிற்கு வரும். செய்யுள் ஓசை இரண்டு வகையாற் கெடும். சீரே பிழைபடுதல் ஒன்று. சீர் செவ்விதாயினும் அடுத்த சீரோடு பொருந்தாது தளை தட்டுதல் மற்றொன்று. இதயத்தின் நடைப்பிறழ்வும் இவ்விரண்டு வகையினதே. கிளர்வு தோன்றும் இடமோ விரைவோ பிறழ்தல் தோற்றப்பிறழ்வு. தோன்றிய கிளர்வு செல்லும் வழியில் நிற்றலும், வழிதப்பிச் சுழலுதலும் பரவற்பிறழ்வு. தமக்கை மகனுக்கு மேலறைகளிலே நூற்றுக்கணக்கில் ஒழுங்கற்ற கிளர்வுகள் எழுந்து கணுவை மோதின. அவற்றுட் பல கீழறைகளை அடைந்தமையின் நாடி விரைந்தது. மாமனுக்கோ கிளர்வு செவ்விதாகத் தோன்றியும் கணுவைக் கடக்கமாட்டாது இடையிடையே நின்றது. ஒருவர்க்குப் பாலத்தில் வண்டி மிகுதி. மற்றொருவர்க்குப் பாலமே பழுது. இரண்டையும் ‘துடிப்புச் சீரில்லை’ என்னும் ஒரே தொடர் மூடிவிட்டது.

4. சீராக்கி

இனி, நம் ஆராய்ச்சியின் நடுநிலையாகிய சொல்லுக்கு வருவாம். நடைப்பிறழ்வுக்குக் கொடுக்கும் மருந்துகளை இதயத் துடிப்புச் சீராக்கி என்றும், சீர்படுத்தும் மருந்து என்றும் வழங்குகின்றனர். செவிக்கு இனிய தமிழ்ச்சொல், பிழையற்ற புணர்ச்சி, காரணப்பெயர். ஆயின் அக்காரணம் மெய்யா என்பதே வினா.

இம்மருந்துகள் இதயத்தில் செய்யும் தொழில் யாது? இதயத்தசையின் உயிரணு அமைதியாயிருக்கும்போது அதன் உள்ளிடம் புறத்தை நோக்க ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மையுடையது. தூண்டப்பட்டதும் அணுச்சுவரிலுள்ள நுண்வாயில்கள் திறந்து சோடிய அயனிகள் உட்பாய்கின்றன, அதுவே கிளர்வு. பின்னர்க் கால்சிய அயனிகள் உட்புகுந்து கிளர்வைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கின்றன. இறுதியிற் பொட்டாசிய அயனிகள் வெளியேற, அணு பழைய அமைதியை எய்துகின்றது. அமைதி எய்துங்காறும் அது மீண்டும் கிளராது. கணுவிலே மட்டும் கிளர்வின் எழுச்சி சோடியத்தாலன்றிக் கால்சியத்தாலேயே நிகழ்கின்றது. அதனாலேதான் அங்குப் பரவல் மெல்லியது.

வான் வில்லியம்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் பெயரால் 1970 முதல் வழங்கிவரும் பாகுபாடு இம்மருந்துகளை நான்காக வகுக்கும். முதல் வகை சோடிய வாயிலை மறிப்பது. குயினிடின், லிடோகெயின், பிளெக்கெய்னைடு என்பன இதன்பாற்படும். இவை கிளர்வின் எழுச்சியைத் தளர்த்துதலின், குறைந்தோ மிகுந்தோ தசையிற் பரவலைத் தாழ்த்த வல்லன. இரண்டாம் வகை, அட்ரினலின் போன்ற சுரப்புகளின் தூண்டுதலை ஏற்கும் இடங்களை மறிப்பது. புரோப்ரனலால், மெட்டோபுரோலால் என்பன. மூன்றாம் வகை பொட்டாசிய வாயிலை மறித்து, அணு அமைதிக்கு மீளும் காலத்தை நீட்டுவது. அமியோடரோன், சோட்டலால் என்பன. நான்காம் வகை கால்சிய வாயிலை மறிப்பது. வெரபாமில், டில்டியாசெம் என்பன. இரண்டாம் வகையும் நான்காம் வகையும் கணுவிற் பரவலைத் தாழ்த்தும். இந்நான்கிலும் அடங்காத அடினோசின், டிஜாக்சின் என்பனவும் உள.

இவற்றுள் சீராக்கும் தொழில் எங்கே உளது? நான்கும் மறிக்கும் மருந்துகளே. மறித்தலின் பயனாகச் சிலர்க்கு நடை சீர்ப்படும், சிலர்க்குச் சீர்கெடும். தமக்கை மகன் உண்டது மெட்டோபுரோலால். அவருடைய கணுவை மிகையான கிளர்வுகள் கடவாதபடி அது காத்தது. அதே மறிப்பு, முன்னரே தளர்ந்திருந்த மாமன் கணுவை முற்றும் நிறுத்திவிட்டது. மருந்து இருவரிடத்தும் ஒரே தொழிலைத்தான் செய்தது. பெயரோ அத்தொழிலை மறைத்து, ஒருவர்க்கு விளைந்த பயனை எல்லார்க்கும் உரியதாகக் காட்டிற்று.

படிப்பறிவு குறைந்தோர்க்கு மட்டும் நேரும் மயக்கம் இஃது என்று கருதுதல் வேண்டா. மாரடைப்பினின்று பிழைத்தோர்க்குக் கீழறைகளில் மிகைத்துடிப்புகள் தோன்றுதல் இறப்புக்கு முன்னறிகுறி என்று மருத்துவர் அறிந்திருந்தனர். ஆகவே அவற்றை ஒடுக்கினால் இறப்பும் குறையும் என எதிர்நோக்கினர். அதனை ஆராய அமெரிக்காவில் காஸ்ட் என்னும் பெருஞ்சோதனை நடத்தப்பெற்றது. மிகைத்துடிப்புகள் மருந்தால் ஒடுங்கியவர்களே அதிற் சேர்க்கப்பெற்றனர். 1989 இல் முதற்செய்தியும், 1991 இல் முழுவிவரமும் வெளிவந்தன. என்கெய்னைடு, பிளெக்கெய்னைடு என்னும் முதல்வகை மருந்துகளைப் பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தனர். வெற்றுமாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேரே இறந்தனர். நாடி சீராயிற்று; மாந்தர் மாண்டனர்.

இதற்குக் காரணம் கூறுமிடத்து அறிஞர் மறிப்பின் இயல்பையே சுட்டுவர். மாரடைப்பால் வடுப்பட்ட தசையில் கிளர்வு சுற்றிச் சுழலுதற்கேற்ற வழிகள் உள. பரவல் மேலும் மெல்லியதாயின், கிளர்வு ஒரு சுற்று முடித்து மீளுவதற்குள் முன்பு கிளர்ந்த தசை அமைதியெய்திவிடும், அது மீண்டும் கிளரும், சுழல் நிலைபெறும். மறித்தற்குத் தந்த மருந்தே சுழலுக்கு வாய்ப்பளித்துவிடுகின்றது. மூன்றாம் வகை மருந்துகளும், மீளும் காலத்தை மிக நீட்டிவிடின், வேறொரு வகைக் கொடிய நடைப்பிறழ்வை விளைத்தல் உண்டு. ஆகவே, சீராக்கி என்னும் பெயர் நோயாளியிடம் கூறும் அரைப்பொய் மட்டுமன்று. மருத்துவ உலகமே ஒரு காலத்தில் தன்னிடம் கூறிக்கொண்ட பொய்யின் எச்சமாகும்.

5. மடை

வாயில் என்று மேலே பொதுவாகக் குறித்ததற்கு இன்று வழங்கும் தமிழ்ச் சொற்கள் அயனித்தடம், அயனிக்கால்வாய், அயனிவழி என்பன. இவை மூன்றும் ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்தனவேயன்றிப் பொருளை நோக்கியன அல்ல. தடமும் கால்வாயும் எப்போதும் திறந்தே கிடப்பன. பாம்பன் கால்வாயை எவரும் சாத்துவதில்லை. அணுச்சுவரின் வாயிலோ திறப்பதும் மூடுவதுமே தன் இயல்பாக உடையது.

இதனை முதுகலை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, இராசசிங்கமங்கலப் பகுதியிலிருந்து வந்த மாணவி ஒருவர், “ஐயா, இது மடைதானே?” என்றார். நாம் பல நாள் அகராதிகளிலே தேடியது அவர் ஊர்க் கண்மாயிலே கிடந்தது. அவ்வூர்ப் பெருங்கண்மாய் நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடையுடையது என மக்கள் வழக்கிற் புகழ்பெற்றது. நீரைத் தேக்கி நிற்பது கரை. நீர் வேண்டும்போது திறப்பதும் வேண்டாதபோது சாத்துவதும் மடை. திறந்த மடைவழி நீர் தன் உயர்வு தாழ்வுக்கேற்பப் பாயும். அணுச்சுவரைக் கரையாகவும், அயனியை நீராகவும், வாயிலை மடையாகவும் கொள்ளின், உவமை ஓரிடத்தும் நழுவுவதில்லை. மடையைச் சிறிது சாத்தினால் பயிர் அழுகாது காக்கலாம். மிகச் சாத்தினால் கடைமடை காயும். மருந்தின் நன்மையும் தீமையும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

ஆகவே, சோடிய மடைமறிப்பி, பொட்டாசிய மடைமறிப்பி, கால்சிய மடைமறிப்பி என மூன்று வகைகட்கும், தூண்டல்மறிப்பி என இரண்டாம் வகைக்கும் பெயரிடலாம். உழவர் மடையை அடைத்தல் என்றே பேசுவர். எனினும், அடைப்பு என்பதைக் குழாய்க்கு உரிமையாக்கியமையின் ஈண்டு மறிப்பு என்றோம். இவை அனைத்தையும் தொகுத்துக் கூறவேண்டின், பயன் கூறாது இடம் மட்டும் கூறும் நடைமருந்து என்னும் பெயர் அமையும். சீரும் செம்மையும் அப்பெயரில் வாக்களிக்கப்படவில்லை என்பதே அதன் சிறப்பு.

மடைமறிப்பு இக்கரை மீனவர்க்கும் புதிய செய்தியன்று. வலையில் அகப்படும் பேத்தை மீனை உணவாகக் கொள்ளாது அவர்கள் ஒதுக்குவர். பேத்தையினங்கள் பலவற்றின் நஞ்சு நரம்பின் சோடிய மடைகளை மறித்து உடலை மரக்கச்செய்வது என இன்றைய ஆராய்ச்சி கூறும். இதயத்தசையின் சோடிய மடைகள் அந்நஞ்சுக்கு எளிதில் வசப்படுவதில்லை. நஞ்சும் மருந்தும் ஒரே வகை மடையைத் தொடுகின்றன என்பதும், எம்மடை, எவ்வளவு என்பதிலேதான் வேறுபாடு உளது என்பதும் இதனாற் பெறப்படும்.

6. தடையும் விடையும்

இக்கருத்துக்கு எழக்கூடிய தடைகள் மூன்று.

மடை என்பது நாட்டுப்புறச் சொல்; சென்னையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்க்கு விளங்குமா என்பது முதலாவது. பேச்சு மடைதிறந்தாற்போல் வந்தது என்று கூறாத தமிழர் எங்கும் இலர். கண்மாயைக் காணாதோரும் மடையை அறிவர். திசைச்சொல்லையும் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் எண்ணியிருக்க, அறிவியற்கு அதனை விலக்குதல் முறையன்று. மடை என்பதற்குச் சோறு, படையல் என்னும் பொருள்களும் உளவே எனின், இடம் நோக்கிப் பொருள்கொள்ளுதல் தமிழர்க்குப் புதிதன்று.

மருத்துவம் உலகப்பொது ஆதலின் ஒலிபெயர்ப்பே போதும் என்பது இரண்டாவது. மருந்துகளின் தனிப்பெயர்களை ஒலிபெயர்த்தே நாமும் வழங்கினோம். வகைப்பெயரும் வினைப்பெயரும் அவ்வாறு ஆகா. அவை விளக்கம் தருதற்கென்றே தோன்றியவை. பாக்நீரிணைக்கு அப்பால் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்றையும் உடலியலையும் அறுவை மருத்துவத்தையும் தமிழ்நூல்களாக்கித் தந்தார். அவர் வழங்கிய மனுஷ சுகரணம் போன்ற பெயர்கள் இன்று நமக்கு ஒவ்வாதிருக்கலாம். நோயாளியின் மொழியிலேயே மருத்துவன் சிந்தித்தல் வேண்டும் என்னும் அவர் நெறி ஒவ்வாததன்று.

மூன்றாவது தடை வலிமையுடையது. மறிப்பி என்னும் பெயர் நோயாளியை அச்சுறுத்தாதா? அஞ்சி மருந்தை நிறுத்திவிட்டால் அதுவும் கேடன்றோ? ஆம்; இம்மருந்துகளுட் சிலவற்றைத் திடீரென நிறுத்துதலும் தீங்கே. இதற்கு முழு விடை சொல்லால் மட்டும் கிடைப்பதன்று. மருத்துவர் நின்று பேசவேண்டிய இடம் அது. ஆயினும், மெய்யான பெயர் அவர் பேச்சுக்கு அடிப்படையாகும். பொய்யான பெயர் அப்பேச்சையே தேவையற்றதாக்கிவிடும். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நான்கையும் ஒருங்கே மருத்துவத்தின் உறுப்புகளாக வைத்தார். பெயர் அந்நால்வகைக்கும் பொதுவாதல் வேண்டும். நம் பெரியவர்க்குத் தீங்கு நேர்ந்தது, அன்போடு உடனிருந்து பேணியவராலேயே என்பதை மறத்தலாகாது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், துடிப்பு என்பது நிற்கத்தக்கது. கடத்தல் என்பதற்குப் பரவல் தக்கது. அடைப்பு என்பது குழாய்க்கே உரியது, மின்வழிக்குப் பரவல்தடை உரியது. சீராக்கி என்பது விலக்கத்தக்கது, மடைமறிப்பி, தூண்டல்மறிப்பி என்பன கொள்ளத்தக்கன என்பது பெறப்பட்டது. இவற்றினும் சிறந்த சொற்களைப் பிறர் தருவாராயின் மகிழ்ந்து ஏற்போம். நாம் வற்புறுத்துவது சொல்லையன்று, சொல்லாக்கும் முறையை. ஒரு கலைச்சொல் அச்சேறுமுன் அதனைப் புலவரும் மருத்துவரும் மட்டுமன்றி, அதனைக் கேட்டு நடக்கவேண்டியவரும் கேட்டு, தாம் உணர்ந்த பொருளைத் திருப்பிக் கூறுதல் வேண்டும். தமிழ்ப் பேரகராதிப் பணிக்கு மு. இராகவையங்காரை ஈந்த சேதுநாடு, இனிவரும் கலைச்சொற்றொகுதிகட்குத் தன் மீனவரையும் மடை காப்போரையும் ஈதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் அவர்களை நாடிச் செல்லுதல் கடன்.

சென்ற திங்கள் அப்பெரியவரைக் கண்டோம். மருமகன் உண்ணும் மாத்திரை எத்தகையது என வினவினோம். “அது மடையைச் சாத்துகிற மருந்து, ஐயா. அவனுக்கு வெள்ளம், எனக்கு மடையே தூர்ந்து கிடக்கிறது. எனக்கு அது ஆகாது” என்றார். நாம் கற்பித்தது மடை என்னும் சொல் ஒன்றே. வெள்ளமும் தூர்தலும் அவர் தாமே சேர்த்தவை.